சம்பள ரசீதில் ஒரு ‘எஸ்’: ஸ்காட்லாந்தின் வரிக் கணக்கைத் துருவும் 7 பேர் குழு என்ன செய்கிறது?

எடின்பரோவில் ஆண்டுக்கு 50,000 பவுண்ட் சம்பளம் வாங்கும் ஒருவரையும், லண்டனில் அதே சம்பளம் வாங்கும் அவருடைய நண்பரையும் எடுத்துக்கொள்வோம். இருவருடைய சம்பள ரசீதிலும் வரிக் குறியீடு என்று ஒன்று இருக்கும். எடின்பரோக்காரரின் குறியீடு ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும். அந்த ஒற்றை எழுத்துக்கு 2025-26 கணக்குப்படி விலை, ஆண்டுக்குச் சுமார் 1,500 பவுண்ட். லண்டன் நண்பரைவிட அவர் கூடுதலாகக் கட்டும் வருமான வரி அவ்வளவு.

சரி, கூடுதல் வரி கட்டினால் ஸ்காட்லாந்து அரசுக்கு அவ்வளவும் கூடுதலாகக் கிடைக்குமா? இங்கேதான் சிக்கல். 2025-26 பட்ஜெட்டின்போது வந்த மதிப்பீட்டின்படி, ஸ்காட்லாந்து தனியாக உயர்த்திவைத்திருக்கும் வருமான வரி விகிதங்களால் திரளும் தொகை சுமார் 170 கோடி பவுண்ட். ஆனால், பட்ஜெட்டில் நிகரமாகச் சேர்வது சுமார் 84 கோடி. ஏறக்குறைய பாதி. மீதியை யாரும் திருடவில்லை. கணக்கு முறையே அப்படி. அந்தக் கணக்கு முறையைப் பொதுவெளியில் பிரித்துப்போட்டுக் கேள்வி கேட்பதுதான் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் நிதி மற்றும் பொது நிர்வாகக் குழுவின் வேலை. 129 உறுப்பினர்கள் கொண்ட அவையில், பல கட்சிகளையும் சேர்ந்த 7 பேர் கொண்ட குழு அது.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே ‘வரிப் பகிர்வு’ என்றால், ஒன்றிய அரசு வசூலித்து மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் 41% நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தில் நடப்பது வேறு. அங்கே வரி விகிதத்தை முடிவுசெய்யும் அதிகாரமே கைமாறியிருக்கிறது.

பணம் கட்டாததால் காலாவதியான அதிகாரம்

1999இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தொடங்கியபோதே, அடிப்படை வருமான வரி விகிதத்தை 3 பென்ஸ் வரை கூட்டவோ குறைக்கவோ அதற்கு அதிகாரம் இருந்தது. எந்த அரசும் அதைத் தொடவில்லை. அதன் முடிவுதான் விசித்திரம். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் நிலையில் கணினி அமைப்பை வைத்திருக்க, பிரிட்டன் வருவாய்த் துறைக்கு ஸ்காட்லாந்து அரசு ஆண்டுக்கு 50,000 பவுண்ட் கட்டிவந்தது. 2007இல் அது நின்றுபோனது. அதிகாரம் சட்டத்தில் இருந்தது, நடைமுறையில் செத்துப்போனது. நாடாளுமன்றத்துக்கு இந்த விஷயம் தெரியவந்ததோ 2010 நவம்பரில்! மக்கள் வாக்களித்துப் பெற்ற ஓர் அதிகாரம், பராமரிப்புக் கட்டணம் கட்டாத சந்தா மாதிரி சத்தமில்லாமல் போயிருக்கிறது. கண்காணிப்பு ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

அதன் பிறகு வந்தவை நிஜமான அதிகாரங்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக, வீடு, நிலம் வாங்கும்போது கட்டும் வரியும் குப்பைமேட்டு வரியும் 2015 ஏப்ரலில் ஸ்காட்லாந்து கைக்கு வந்தன. 2014 செப்டம்பரில் நடந்த தனிநாடு வாக்கெடுப்பு தோற்றது. ஆனால், அதையொட்டிக் கொடுத்த வாக்குறுதிகளால் 2016இல் இன்னொரு சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் முதல் சம்பளம், ஓய்வூதியம் போன்ற வருமானத்துக்கான விகிதங்களையும் படிநிலைகளையும் ஸ்காட்லாந்தே நிர்ணயிக்கிறது. இங்கிலாந்தில் 3 படிநிலைகள். ஸ்காட்லாந்தில் இப்போது 6. உச்ச விகிதம் 48%.

அப்பா கடை, மகன் கடை

கணக்கு முறைக்கு வருவோம். ஆவணங்களில் இதைப் படித்தால் தலை சுற்றும். கடைக் கணக்காகப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஓர் அப்பாவுக்குப் பத்துக் கடைகள். மகன் குடும்பச் செலவுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறார். ஒருநாள், “இந்தக் கடையை நீயே பார்த்துக்கோ. வருமானம் முழுக்க உனக்கு. ஆனா நான் குடுக்கிற பணத்துல அந்த அளவைக் கழிச்சுக்குவேன்” என்கிறார். முதல் வருஷம் பிரச்சினை இல்லை. அடுத்த வருஷம் எவ்வளவு கழிப்பது? அப்பாவிடம் இருக்கும் மற்ற ஒன்பது கடைகளின் வருமானம் எந்த வேகத்தில் வளர்ந்ததோ, அதே வேகத்தில் கழிக்கும் தொகையும் வளரும். மகன் கடை அதைவிட வேகமாக வளர்ந்தால் மகனுக்கு லாபம். மெதுவாக வளர்ந்தால், கடை நன்றாக ஓடினாலும், பொருளின் விலையைக் கூட்டினாலும், கையில் நிற்பது குறைவு.

லண்டன் அரசு ஸ்காட்லாந்துக்குத் தரும் மானியத்திலிருந்து கழிப்பு நடப்பது இப்படித்தான். மக்கள்தொகை வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்து, தலைக்கு எவ்வளவு வரி வளர்ந்தது என்று ஒப்பிடுகிறார்கள். அதாவது, ஸ்காட்லாந்துக்குப் போட்டி தன் பழைய வருமானத்தோடு மட்டும் அல்ல. லண்டன் நிதித் துறை ஊழியர்களின் சம்பள உயர்வோடும்தான். வடகடல் எண்ணெய்த் தொழில் தளர்ந்த வருடங்களில் இது வலித்தது. 170 கோடி, 84 கோடியாகச் சுருங்குவதற்கு முக்கியக் காரணம் இந்த வளர்ச்சி வித்தியாசம்தான்.

மூன்று வருஷம் கழித்து வரும் பில்

இன்னொரு சிக்கல் இருக்கிறது. பட்ஜெட் போடும்போது உண்மையான வருமான வரி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஸ்காட்லாந்தின் வரி வருவாயை ஸ்காட்டிஷ் ஃபிஸ்கல் கமிஷன் என்ற சுயேச்சையான அமைப்பு கணிக்கிறது. மானியத்தில் கழிக்கவேண்டிய தொகைக்கு அடிப்படை, பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்புடைமை அலுவலகத்தின் கணிப்பு. இரண்டு கணிப்புகள், இரண்டு அலுவலகங்கள், சில சமயம் இரண்டு வெவ்வேறு தேதிகள். நிதியாண்டு முடிந்து ஓராண்டுக்கும் மேலான பிறகே உண்மைக் கணக்கு வெளிவரும். கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை அதற்கடுத்த பட்ஜெட்டில் நேர்செய்வார்கள். ஆக மொத்தம் மூன்று வருஷத் தாமதம்.

இதன் விளைவைப் பாருங்கள். 2017-18 கணக்குக்காக 2020-21 பட்ஜெட்டில் 20.4 கோடி பவுண்ட் வெட்டு. 2018-19 கணக்குக்காக 2021-22 பட்ஜெட்டில், அதுவும் கோவிட் உச்சத்தில், 30.9 கோடி வெட்டு. 2021-22க்கு நடந்தது இன்னும் நாடகத்தனம்: 71.2 கோடி வெட்டு வரும் என்று 2023 மே மாதம் கணித்தார்கள். இரண்டே மாதத்தில் உண்மைக் கணக்கு வந்தபோது அது 39 கோடியாக இறங்கியது. எல்லாமே நஷ்டக் கதை இல்லை. 2022-23 கணக்கில் 44.7 கோடி கூடுதலாக வந்து 2025-26 பட்ஜெட்டைக் காப்பாற்றியது.

மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகும் பணம் இது. ஓர் அமைச்சர் 2025இல் “கூடுதல் நிதி ஒதுக்கினோம்” என்று சொன்னால், அது இந்த அரசின் சாமர்த்தியமா, மூன்று வருஷத்துக்கு முந்தைய தப்புக் கணிப்பின் புண்ணியமா என்று பிரித்துக் கேட்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இந்தக் குழு.

செவ்வாய்க்கிழமை காலைகள்

குழு பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை காலையில் கூடுகிறது. கூட்டம் நேரலையாக வருகிறது. பேசியது எல்லாம் வரிக்கு வரி பதிவாகிறது. 2021-26 காலத்தில் இதன் தலைவர் கென்னத் கிப்சன். 2011 முதல் 2016 வரையும் இதே பொறுப்பில் இருந்தவர். ஆளும் எஸ்.என்.பி. கட்சிக்காரர்தான், ஆனால் தன் கட்சி அமைச்சர்களை அவர் கேள்வி கேட்ட விதத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

முன்பெல்லாம் பட்ஜெட் வந்த பிறகு சில வாரங்கள் அலசுவதோடு சரி. 2017இல் ஒரு மறுஆய்வுக் குழு அந்த முறையை மாற்றச் சொன்னது. இப்போது வேலை வருஷம் முழுக்க ஓடுகிறது. கோடையில் பொதுமக்கள், பல்கலைக்கழகங்கள், உள்ளாட்சிகள், தொழிற்சங்கங்களிடம் கருத்து கேட்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பட்ஜெட்டுக்கு முந்தைய அறிக்கை. பட்ஜெட் வந்ததும் ஃபிஸ்கல் கமிஷன் நிபுணர்களை முதலில் உட்காரவைத்து, “இந்தச் சம்பள வளர்ச்சி எண்ணை எப்படிப் போட்டீர்கள்?” என்று குடைகிறார்கள். அதன் பிறகுதான் நிதி அமைச்சர். வரிசை முக்கியம்: அமைச்சர் வந்து உட்காரும்போது அவருடைய எண்களின் பலவீனம் ஏற்கெனவே மேசையில் இருக்கும்.

கமிஷன் இன்று இவ்வளவு சுதந்திரமாக இருப்பதற்குப் பின்னாலும் ஒரு வாதம் உண்டு. 2014இல் அது தொடங்கியபோது, வரிக் கணிப்பைப் போட்டது அரசு. ‘நியாயமாகத்தான் இருக்கிறது’ என்று சரிபார்ப்பது மட்டுமே கமிஷனின் வேலை. பந்து வீசுபவரே அவுட் கொடுப்பது மாதிரி. கணிப்பையே கமிஷன்தான் போடவேண்டும் என்ற வாதம் வலுத்து, 2017 ஏப்ரலிலிருந்து சட்டப்படி அப்படியே ஆனது.

கணிப்பை ஒரே நாளில் தலைகீழாக்கும் சம்பவங்களும் நடக்கும். 2014 அக்டோபரில் அப்போதைய நிதி அமைச்சர் ஜான் ஸ்வின்னி வீட்டுவரி விகிதங்களை அறிவித்தார்: 2.5 லட்சம் பவுண்டுக்கு மேல் 10%. குழு அதைப் பரிசீலித்துக்கொண்டிருந்த நேரம். டிசம்பரில் லண்டன் நிதி அமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், பிரிட்டனின் முத்திரைத் தீர்வையையே நள்ளிரவு முதல் மாற்றிவிட்டார். 2015 ஜனவரியில் ஸ்வின்னி புது விகிதங்களோடு திரும்பி வரவேண்டியதாயிற்று. 10% இப்போது 3.25 லட்சத்துக்கு மேல். வரி அமலுக்கு வரும் முன்பே முதல் திருத்தம்! அதிகாரம் கைமாறினாலும் பக்கத்து வீட்டுக்காரரின் முடிவு உங்கள் பட்ஜெட்டுக்குள் நுழையும் என்பதற்கு அதுதான் முதல் பாடம்.

ஒரு எண்ணையும் மாற்ற முடியாது

இவ்வளவு கேள்வி கேட்கும் குழுவால் பட்ஜெட்டில் ஒரு பவுண்டை இங்கிருந்து அங்கே மாற்ற முடியுமா? முடியாது. பட்ஜெட் மசோதாவுக்குத் திருத்தம் கொண்டுவர அரசுத் தரப்பு உறுப்பினருக்கு மட்டுமே உரிமை. வருமான வரி விகிதத் தீர்மானத்தைக் கொண்டுவருவதும் அரசுதான். அது நிறைவேறாமல் பட்ஜெட் மசோதா இறுதிக் கட்டத்துக்குப் போகாது. அவைக்கு இருக்கும் ஒரே பெரிய ஆயுதம், மொத்தமாக ‘வேண்டாம்’ என்பது. 2009 ஜனவரியில் அது நடந்தது. 64-64 என்று வாக்கு சமமாகி, சபாநாயகரின் வாக்கில் பட்ஜெட் விழுந்தது. அடுத்த வாரமே பேரம் பேசி 123-2 என்று நிறைவேற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை.

அப்படியென்றால் குழுவின் பலம் எங்கே? பதில் எழுத்தில் வரவேண்டும் என்ற கட்டாயத்தில். இதற்கு நல்ல உதாரணம் பட்ஜெட்டே அல்ல, ஒரு மசோதா. 2022இல் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பை ஒரே தேசிய அமைப்பின் கீழ் கொண்டுவரும் மசோதாவை அரசு கொண்டுவந்தது. ஐந்து ஆண்டுகளில் 66 கோடி முதல் 126 கோடி பவுண்ட் வரை செலவாகும் என்றது அதன் நிதிக் குறிப்பு. ‘ஏறக்குறைய இரண்டு மடங்கு இடைவெளி, இதை வைத்து எப்படி முடிவெடுப்பது?’ என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. குழு அந்த டிசம்பரில் கடுமையான அறிக்கை கொடுத்து, குறிப்பைத் திருத்திக் கொண்டுவரச் சொன்னது. திருத்திய குறிப்பு வர ஒரு வருஷம் ஆனது. உள்ளாட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. 2025 ஜனவரியில் அந்தத் தேசிய அமைப்புத் திட்டமே கைவிடப்பட்டது. மசோதா வேறு வடிவில், சுருங்கி நிறைவேறியது. குழு மட்டும்தான் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால், ‘எவ்வளவு ஆகும்?’ என்ற கேள்வியை முதலில் அதிகாரபூர்வமாகக் கேட்டு, விடாமல் பிடித்துக்கொண்டது அந்த அறைதான்.

குறையும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதம் வரவேண்டிய நடுத்தர கால நிதித் திட்டம், 2025 ஜூனில்தான் வந்தது. 2029-30இல் அன்றாடச் செலவுகளில் மட்டும் 260 கோடி பவுண்ட் பற்றாக்குறை வரும் என்று சொன்ன ஆவணம் அது. குழு முணுமுணுத்தது, கடிதம் எழுதியது, அறிக்கையில் கண்டித்தது. தேதியை மாற்றவைக்க முடியவில்லை. லண்டன் பட்ஜெட் தள்ளிப்போனால் எடின்பரோ பட்ஜெட்டும் தள்ளிப்போகிறது. 2026-27க்கான பட்ஜெட் ஜனவரி 13இல்தான் வந்தது. அலசுவதற்கான வாரங்கள் அந்த அளவுக்குக் குறையும்.

குறைந்தால்தான் வெற்றி

குழுவின் முன் வரும் வரிகளில் தொகை சின்னதாகவும் கேள்வி பெரிதாகவும் இருப்பது குப்பைமேட்டு வரி. தொடக்க வருடங்களில் ஆண்டுக்கு 15 கோடி பவுண்டை ஒட்டி வந்தது. குப்பையை மண்ணில் புதைப்பதைக் குறைப்பதே அதன் நோக்கம். எனவே வருவாய் சரிந்தால்தான் வரி வேலை செய்கிறது என்று அர்த்தம். மக்கும் நகராட்சிக் குப்பையைப் புதைப்பதற்கான முழுத் தடை முதலில் 2021இல் வருவதாக இருந்தது. 2025 கடைசிக்குத் தள்ளினார்கள். இப்போது 2028 ஜனவரி வரை நடைமுறைப்படுத்தப்போவதில்லை என்கிறார்கள். ஒவ்வொரு தள்ளிவைப்பும் சுற்றுச்சூழல் இலக்குக்கு அடி; அதே சமயம் பட்ஜெட்டின் வரவுப் பத்தியில் சில கோடிகள் கூடும். மகன் கடையில் அந்த வரவு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்ப்பதும் அந்த 7 பேரின் வேலைதான்.