கையில் இருக்கும் செல்போனே போதும்: பயிரைப் படம் எடுப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், சம்பா பயிர் தூர்கட்டி முடியும் தறுவாயில் ஓர் இரவு, டெல்டா விவசாயி ஒருவர் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு படம் அனுப்பினார். வரப்பில் நின்று எடுத்த படம். பச்சை வயலின் நடுவே பாய் விரித்த அகலத்தில் மஞ்சள் திட்டு. "என்ன சார் செய்யலாம்?" என்று கேட்டிருந்தார். தழைச்சத்துப் பற்றாக்குறை என்று நினைத்து, மேலுரமாக யூரியா இடச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து வயலுக்குப் போனபோது அந்தத் திட்டு வட்டமாகத் தீய்ந்து, பக்கத்தில் இன்னும் நாலைந்து இடங்களில் பரவியிருந்தது. தூரை விலக்கிப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பு நிறப் பூச்சிகள் அடையாக அப்பியிருந்தன. புகையான்! தழைச்சத்து கூடினால் புகையான் இன்னும் பெருகும். வயலில் தண்ணீரை வடிக்கச் சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில், நான் யூரியா போடச் சொல்லியிருந்தேன்.

தவறு என்னுடையது. தூரை விலக்கி இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவரிடம் இருந்தது நல்ல விலையுள்ள போன்தான். குறை கேமராவில் இல்லை. எங்கே நின்று, எதை எடுத்தோம் என்பதில் இருந்தது. ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் போனிலேயே நோயையும் பூச்சியையும் அடையாளம் காணும் அளவுக்குப் படம் எடுக்கலாம். அதற்கான வழிகளைப் பார்ப்போம்.

ஒரு படம் போதாது, ஐந்து வேண்டும்

முதல் படம் வயல் முழுவதும் தெரியும்படி இருக்கட்டும். பாதிப்பு திட்டுத் திட்டாக இருக்கிறதா, வரப்போரமா, தண்ணீர் பாயும் மடைப் பக்கமா, வயல் முழுக்கச் சீராகவா என்பது இதில்தான் தெரியும். சத்துக் குறைபாடு பெரும்பாலும் பரவலாகத் தெரியும். பூச்சியும் நோயும் திட்டாகத் தொடங்கும்.

இரண்டாவது, ஒரு முழுச் செடி. பக்கத்தில் நல்ல செடி ஒன்றையும் சேர்த்து எடுங்கள். மஞ்சள் நிறம் அடி இலையில் இருக்கிறதா, கொழுந்தில் இருக்கிறதா என்பது முக்கியம். தழைச்சத்துக் குறைவு முதலில் முதிர்ந்த இலைகளில் தெரியும். இரும்பு, கந்தகக் குறைவு கொழுந்தில் தெரியும். இலையை மட்டும் கிள்ளி எடுத்துப் படம் அனுப்பினால் இந்தத் தகவல் போய்விடும்.

மூன்றாவது, பாதித்த இலையின் மேற்புறம். நான்காவது, அதே இலையின் அடிப்புறம். தென்னையில் சுருள் வெள்ளை ஈ தாக்கினால், கண்ணுக்குத் தெரிவது கீழ்மட்ட ஓலைகளின் மேல் படிந்த கரும்பூசணம். பூச்சி இருப்பதோ ஓலையின் அடியில். மேற்புறத்தை மட்டும் எடுத்தால் பூசண நோய் என்று எண்ணி மருந்து வாங்க நேரிடும்.

ஐந்தாவது, தண்டின் அடிப்பகுதியும் வேரும். நெல்லில் தூரை விலக்கி எடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாயில் வாடிய செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் மெல்ல அலசி எடுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. இலைக்கு மருந்து அடித்து அதைச் சரிசெய்ய முடியாது.

வெளிச்சம்தான் பாதி வேலை

முதலில் போனின் பின்பக்கக் கண்ணாடியைத் துடையுங்கள். சட்டைப் பையில் கிடக்கும் போனில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து, படம் பனிமூட்டம் போல வரும். சுத்தமான பருத்தித் துணி போதும்.

காலை ஏழு முதல் பத்து மணி வரை நல்ல நேரம். உச்சி வெயிலில் இலை பளபளத்து வெள்ளையாகத் தெரியும். நோய்ப் புள்ளியின் உண்மையான நிறம் மறைந்துவிடும். வெயிலில்தான் எடுக்க வேண்டும் என்றால், குடையையோ உங்கள் நிழலையோ இலை முழுவதும் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். பாதி நிழல், பாதி வெயில் கூடாது. ஃபிளாஷ் விளக்கை அணைத்துவிடுங்கள்.

நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் என்று சந்தேகம் வந்தால் அதிகாலையிலேயே எடுங்கள். இலை ஓரத்தில் கசிந்து நிற்கும் பால் போன்ற சிறு துளிகள் அப்போதுதான் தெரியும். வெயில் ஏறினால் காய்ந்துவிடும்.

தூரம், பின்னணி, அளவு

போனை இலைக்கு மிக அருகில் கொண்டு போனால் படம் மங்கும். பெரும்பாலான போன்களுக்கு அரைச் சாண் தூரம் ஒத்துவரும். மங்கலாக இருந்தால் கொஞ்சம் பின்னால் நகருங்கள். திரையில் நோய்ப் புள்ளி தெரியும் இடத்தை விரலால் ஒருமுறை தொட்டு, அது தெளிந்த பிறகு எடுங்கள். இரண்டு விரலால் விரித்து ஜூம் செய்ய வேண்டாம். படம் பெரிதாகும், தெளிவு கூடாது.

காற்றில் ஆடும் இலையை இடக்கையால் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை ஒரு நொடி அடக்கினால் கை நடுங்காது. ஒரே காட்சியை மூன்று முறை எடுத்து, தெளிவான ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

இலைக்குப் பின்னால் வேறு பச்சை இலைகள் இருந்தால் கேமரா எதைப் பிடிப்பது என்று தடுமாறும். ஒற்றை நிறத் துணி, அட்டை, இல்லாவிட்டால் உங்கள் உள்ளங்கையே நல்ல பின்னணி. வெள்ளை ஈ, மாவுப்பூச்சி போன்றவற்றுக்குக் கறுப்புத் துணி ஏற்றது.

அளவு தெரிய, பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வையுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். புழு எவ்வளவு நீளம், எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதை அதை வைத்தே கணித்துவிடலாம். புழு சிறிதாக இருக்கும்போது கட்டுப்படும் மருந்துக்கு, முற்றிய புழு அடங்காது.

சிறு பூச்சிக்குச் சின்ன லென்ஸ்

இலைப்பேன், சிலந்தி போன்றவற்றுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று போதும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதைப் போனின் கேமராக் கண் மீது ஒட்டினாற்போல் பிடித்து, இலையை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டு வந்து, தெளியும் வரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

மிளகாயில் இலை சுருண்டிருந்தால் பக்கவாட்டில் இருந்தும் ஒரு படம் எடுங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் முரணைச் சிலந்தி என்று முதலில் சந்தேகிக்கலாம். பூச்சிக்கொல்லி வேறு, சிலந்திக்கொல்லி வேறு. மாற்றி அடித்தால் காசும் போகும், நன்மை செய்யும் பூச்சிகளும் சாகும்.

மக்காச்சோளத்தில் 2018-ல் நம் நாட்டில் நுழைந்த படைப்புழுவைக் காண, புழுவைத் தலைப்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று என இரண்டு படம் எடுங்கள். தலையில் ஆங்கில 'ஒய்' எழுத்தைக் கவிழ்த்தது போன்ற வெளிர்கோடும், வால் அருகே சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் ஐயமில்லை.

தக்காளி, கத்தரி திடீரென வாடினால், அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, தெளிந்த நீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை மட்டும் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுனையில் இருந்து வெள்ளைப் புகை போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி வைத்து எடுத்தால், படத்திலேயே நோய் தெரிந்துவிடும்.

அனுப்பும்போது

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். 'எச்டி' என்பதைத் தேர்வு செய்தோ, 'டாக்குமென்ட்' ஆகவோ அனுப்பினால் தெளிவு குறையாது. நிறத்தை மெருகேற்றும் ஃபில்டர் எதுவும் வேண்டாம். நிறம்தான் எங்களுக்குச் சாட்சி.

படத்தோடு ஐந்து விவரங்களைக் குரல் பதிவாகச் சொல்லுங்கள்: பயிரும் ரகமும், விதைத்து அல்லது நட்டு எத்தனை நாள், பாதிப்பைப் பார்த்து எத்தனை நாள், கடைசியாக இட்ட உரம், கடைசியாக அடித்த மருந்து. களைக்கொல்லி அடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். களைக்கொல்லிப் பாதிப்பு பல நேரம் நச்சுயிரி நோய் போலவே தோன்றும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒற்றைப் படம் வந்தால் உடனே மருந்தின் பெயரைச் சொல்லாதீர்கள். குறையும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பத்து நிமிடத் தாமதத்தால் யாருக்கும் நட்டமில்லை.

படத்தால் முடியாதவையும் உண்டு. மண்ணின் உவர், களர் தன்மையை மண் பரிசோதனைதான் சொல்லும். சில நச்சுயிரி நோய்களை ஆய்வகத்தில்தான் உறுதி செய்ய முடியும். அப்படி என்றால் மாதிரியோடு அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போவதே நல்லது. பேசிக் கேட்க, கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். நோய் வரும் வரை காத்திராமல், நன்றாக இருக்கும் உங்கள் பயிரையே இந்த ஐந்து படங்களும் எடுத்துப் பாருங்கள். வயலில் ஒரு குச்சியை நட்டு, வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுத்துத் தனியாகச் சேமியுங்கள். கை பழகும். பயிரில் மாற்றம் தொடங்கினால், சென்ற வாரப் படத்தோடு ஒப்பிட்டு முதலில் கண்டுகொள்வது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.