காக்கா ஏன் பெருசா இருக்கு? பிள்ளைங்க படத்தை ஆன்லைன் கண்காட்சிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி

என் கையில இருக்கிற இந்தப் படத்தைப் பாருங்க. ஏ4 தாள், கிரேயான். ஒரு ஓட்டு வீடு, அது மேல ஒரு காக்கா. காக்கா வீட்டைவிடப் பெருசு. வரைஞ்சது என்கிட்ட ஞாயித்துக்கிழமை படம் வரைய வர்ற மூணாங்கிளாஸ் பொண்ணு. அவ பேரைச் சொல்லப் போறதில்ல, ஏன்னு பின்னாடி வரும்.

இப்ப இந்த ஃபோன்ல அதே படம். சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. மேல குறுகி, கீழ அகண்டு, நடுவுல ஃபோட்டோ எடுத்தவரோட தலை நிழல். மாணவர் ஓவியங்களுக்கான ஒரு ஆன்லைன் கண்காட்சிக்குப் போன வருஷம் போனது இந்த ஃபோட்டோதான். எடுத்தது யாரா? நிழலோட காதைப் பாருங்க, இந்த வீடியோவுல என் காதையும் பாருங்க.

1949-ல டெல்லியில கார்ட்டூனிஸ்ட் சங்கர் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி ஆரம்பிச்ச காலத்துல, தாளே நேரா நடுவர் மேசைக்குப் போச்சு. இப்ப தாள் வீட்டுலயே இருக்கு, ஃபோட்டோ மட்டும்தான் போகுது. பிள்ளை ரெண்டு நாள் உட்கார்ந்து போட்ட கலரை நாம அரை நிமிஷத்துல கெடுத்துடலாம். அதனால ஃபோட்டோவுல இருந்தே தொடங்குறேன்.

காலையில பத்து மணிக்கு மேல, வாசல் பக்கம், நேர் வெயில் விழாத இடத்துல தாளைத் தரையில வைங்க. டியூப்லைட்டுக்குக் கீழ வேண்டாம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், கிரேயான் மெழுகு, பளபளன்னு வெள்ளைத் திட்டு விழும். லென்ஸை வேட்டி நுனியால ஒரு தடவை துடைங்க. வெளிச்சம் முதுகுப் பக்கம் வந்தா நிழல் தாள்மேல விழும், அதனால பக்கவாட்டுல நில்லுங்க. தாளுக்கு எவ்வளவு கிட்டப் போறோமோ அவ்வளவு கோணல். கொஞ்சம் உயரத்துல இருந்து ஜூம் பண்ணி எடுங்க, ஃபோன் தாளுக்கு இணையா இருக்கட்டும். வெள்ளைத் தாள் சாம்பலாத் தெரிஞ்சா, திரையைத் தொட்டு வெளிச்சத்தை ஒரு படி ஏத்துங்க.

ஏ4 தாளை நல்லா அச்சடிக்கிற அளவுக்கு, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளின்னு கணக்குப் பார்த்தா, 2480-க்கு 3508 புள்ளி வரும். 12 மெகாபிக்சல் கேமரா தாராளம். ஸ்கேன் பண்ற செயலியில மட்டும் ஒரு ஆபத்து. அது ஆவணங்களுக்காகச் செஞ்சது. தாளை வெளுத்துக் காட்டுறேன்னு லேசான பென்சில் கோட்டையெல்லாம் அழிச்சிடும். ‘ஒரிஜினல்’னு ஒரு தேர்வு இருக்கும், அதை அழுத்துங்க.

அப்புறம் வாட்ஸ்அப். அப்பா எடுத்து அம்மாவுக்கு, அம்மா டீச்சருக்கு, டீச்சர் தளத்துக்கு. படமா அனுப்பினா அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட்டா அனுப்புங்க, அசலே போகும். ஆனா அசலோட ஃபோட்டோ எடுத்த இடமும் சேர்ந்து போகலாம். கேமரா அமைப்புல லொகேஷன் ஆன்ல இருந்தா, உங்க வீடு எந்த இடம்னு அந்தக் கோப்புக்குள்ளேயே பதிஞ்சிருக்கும். முதல்ல அதை அணைச்சிட்டு எடுங்க.

சரி, படிவத்துக்கு வருவோம். ‘படத்தைப் பற்றி’ன்னு ஒரு கட்டம் இருக்கும். நம்ம ஊர்ல பெரியவங்க கை அதிகமா விளையாடுற இடம் அதுதான். போன வருஷம் நான் எழுதினேன்: ‘இயற்கையும் மனிதனும் ஒன்றிணைந்து வாழும் நல்லிணக்கத்தை இப்படைப்பு உணர்த்துகிறது.’ எட்டு வயசுப் பிள்ளை சொல்ற வாக்கியமா இது? தேர்வாகல. அது ஃபோட்டோவாலயா, இந்த வாக்கியத்தாலயா, யாருக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் அவகிட்டக் கேட்டேன், காக்கா ஏன் இவ்ளோ பெருசுன்னு. “அதுக்குக் கோவம், சார். பாட்டி சோறு வைக்க மறந்துட்டாங்க” அப்படின்னா. அடப்பாவி, இதை விட்டுட்டா நான் நல்லிணக்கம் எழுதினேன்!

பிள்ளை சொல்றதை அப்படியே எழுதுங்க. தமிழ்ல எழுத இடம் இருந்தா தமிழ்லயே. ஆங்கிலத்துலதான்னு சொன்னா அந்தச் சோறையும் கோவத்தையும் ஆங்கிலத்துல கொண்டு போங்க, அலங்காரம் பண்ணாதீங்க. படத்துலயும் இதே கதைதான். ஓரத்தைக் கருப்பு ஸ்கெட்ச்சால அழுத்தி ‘நீட்டா’ ஆக்குறது, வானத்தை நாமே பூசி முடிக்கிறது எல்லாம் நடக்குது. பிள்ளையோட கோடு தயங்கித் தயங்கிப் போகும், நம்ம கோடு சரசரன்னு ஓடும். ஒரே தாள்ல ரெண்டும் இருந்தா பழகின கண்ணு பிடிச்சிடும்.

விதிமுறையை எப்பப் படிக்கணும்? வரையறதுக்கு முன்னாடி. இந்தியாவுல 2009-ல ஆரம்பிச்ச ‘டூடுல் ஃபார் கூகுள்’ போட்டியை எடுத்துக்குங்க. ஜெயிச்ச படம் நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்னிக்கு கூகுள் முகப்புல வந்துச்சு. அதுல ‘கூகுள்’ங்கிற ஆங்கில எழுத்துகளைப் படத்துக்குள்ளேயே கொண்டு வரணும்னு விதி இருந்துச்சு. எவ்வளவு அழகா மயில் போட்டாலும் எழுத்து இல்லாத மயிலுக்கு அங்க வேலையில்ல. சோட்டா பீமைப் பார்த்துப் போட்ட படத்துக்குப் பல இடங்கள்ல இதே கதிதான், ஏன்னா பீம் இன்னொருத்தரோட சொத்து.

சொத்துன்னதும் பதிப்புரிமை. 1957-ஆம் வருஷச் சட்டப்படி, பிள்ளை தானா வரைஞ்ச படம் பிள்ளைக்குச் சொந்தம். பள்ளிக்கூடத்துக்கோ டீச்சருக்கோ இல்ல. பிள்ளையோட ஆயுள் முழுக்க, அதுக்கு மேல 60 வருஷம். ஆனா 18 வயசு ஆகாதவங்க போடுற ஒப்பந்தம் நம்ம சட்டத்துல செல்லாது. அதான் பெற்றோர் கையெழுத்துக் கேட்கிறாங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாருங்க: ‘காட்சிப்படுத்த அனுமதி’ கேட்கிறாங்களா, ‘எல்லா உரிமையும் எங்களுக்கே’ன்னு கேட்கிறாங்களா? முதலாவது வாடகைக்கு விடுற மாதிரி, ரெண்டாவது கிரயம். உரிமையை எழுதிக் கொடுக்கிறப்ப எத்தனை வருஷத்துக்குன்னு குறிக்கலைன்னா 5 வருஷம்னு சட்டம் எடுத்துக்கும், எந்த ஊருக்குன்னு குறிக்கலைன்னா இந்தியாவுக்கு மட்டும்னு. அதனாலதான் சில படிவத்துல ‘உலகம் முழுதும், என்றென்றைக்கும்’னு ஒரு வரி பொடி எழுத்துல வரும். வீட்டுத் தோட்டத்துப் பூவுக்குப் பட்டா கேட்கிற மாதிரி இருந்தா நான் அனுப்ப மாட்டேன். நீங்க யோசிச்சுக்குங்க.

பேரு விஷயம் சொல்றேன்னு சொன்னேனே. இணையத்துல வைக்கிற படத்தை யார் வேணா பார்க்கலாம். நம்ம பிள்ளைங்க படத்தோட மூலையில முழுப் பேரு, வகுப்பு, பிரிவு, பள்ளிக்கூடம் எல்லாத்தையும் அழகா எழுதி வைக்கும். அதெல்லாம் தாளோட பின்பக்கம் போகட்டும். முன்பக்கம் ஒரு எழுத்துக் கையொப்பம் போதும். கோப்புக்குப் பேரு வைக்கும்போதும் அப்படித்தான். படத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சீருடையில நிக்கிற ஃபோட்டோ கேட்டா, பேட்ஜ் தெரியாம எடுங்க, இல்லைன்னா முடியாதுன்னு சொல்லுங்க. 2023-ல வந்த தனிநபர் தரவுச் சட்டமும் 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேணும்னு சொல்லுது.

பணம் கட்டினா எல்லாருக்கும் ‘சர்வதேச விருது’ச் சான்றிதழ்னு வர்ற மெசேஜுக்கெல்லாம் தனி வீடியோ போடணும். இப்போதைக்கு அதைத் தாண்டிப் போங்க.

அனுப்பியாச்சு. தாளை மடிக்காதீங்க, கிரேயான் ஒட்டிக்கும். மேல ஒரு வெள்ளைத் தாள் வச்சு, பின்பக்கம் தேதியும் வயசும் பென்சில்ல எழுதுங்க. பால்பாயின்ட் பேனான்னா முன்பக்கம் பள்ளம் விழும். காக்காப் படம் இத்தனை மாசம் அவங்க பாட்டியோட மெத்தைக்கு அடியிலதான் இருந்துச்சு. புதுசா ஃபோட்டோ எடுக்கணும்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள்ள திருப்பித் தரணும்னு பாட்டி சொல்லி அனுப்பியிருக்காங்க.