ராத்திரி மாத்திரையும் நைட் ஷிஃப்ட்டும்

காலை நேரத்துக் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? மூர்மார்க்கெட் ஸ்டேஷனில் கிளம்பும் வண்டி திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று நின்று நின்று மூச்சு வாங்கி, கடைசியில் சிப்காட் ஆசாமிகளை மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டும். பெட்டிக்குள் அரசியல் உண்டு, கிரிக்கெட் உண்டு, சூப்பர்வைசரைத் திட்டுவது உண்டு. சமீபகாலமாக லேப் ரிப்போர்ட்டும் சேர்ந்துகொண்டது. ஒருத்தர் இன்னொருத்தரிடம், "உனக்கு எவ்ளோ?" என்று கேட்டால் இன்கிரிமென்ட் என்று நினைத்துவிடாதீர்கள். சுகர்!

அப்படி ஒருநாள் எதிர் சீட்டில் ஒரு நண்பர். வயசு நாற்பத்து மூன்று. இரும்பு உருக்கும் தொழிற்சாலையில் வேலை. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, "கொழுப்பு நார்மலாயிடுச்சு சார்... அந்த மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார்.

"டாக்டர் சொன்னாரா?"

"ரிப்போர்ட்டே சொல்லுதே சார்!"

"சரி... உங்க ஃபர்னஸுக்குக் கூலிங் தண்ணி ஓடுது. அதனால சூடு நார்மலா இருக்கு. நார்மலாத்தானே இருக்குன்னு பம்ப்பை நிறுத்துவீங்களா?"

நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மீஞ்சூர் வரைக்கும் பேச்சே இல்லை.

சர்க்கரைக்காரர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் 'ஸ்டாட்டின்' மாத்திரையின் பிரச்னையே இதுதான். பல் வலிக்கு மாத்திரை போட்டால் வலி போவது தெரியும். இதைப் போட்டாலும் ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. தெரிய வரும் நாளில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்.

'எனக்கு சுகர்தானே, கொழுப்பு மாத்திரை எதுக்கு?' என்பது நியாயமான கேள்வி. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகவே ஓடினால் ரத்தக் குழாயின் உள்சுவர் புண்ணாகிறது. அங்கேதான் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு போய் ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறது. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரும் அளவே சர்க்கரைக்காரருக்கு அதிகமாக இருக்கலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதய நோய் வராத 2,838 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கொழுப்பும் அவர்களுக்குப் பெரிதாக ஏறியிருக்கவில்லை. பாதிப் பேருக்கு அடார்வாஸ்டாடின் 10 மில்லிகிராம், மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. பலன் சீக்கிரமே பளிச்சென்று தெரிந்துவிட்டதால், திட்டமிட்டதற்கு இரண்டு வருடம் முன்னதாகவே ஆய்வை முடித்துக்கொண்டார்கள். 2004-ல் முடிவு வெளியானது: மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய கண்டங்கள் 37 சதவிகிதம் குறைவு!

அதனால்தான் நாற்பது தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு, நெஞ்சில் ஒரு சின்ன வலிகூட வராதபோதே இதை எழுதுகிறார்கள். நாற்பதுக்குள் இருப்பவர்கள் தப்பித்தோம் என்று துள்ள வேண்டாம். சிகரெட், பிரஷர், பரம்பரை எல்லாம் சேர்ந்திருந்தால் டாக்டர் உங்களுக்கும் எழுதலாம். பல நாடுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதுவாக்கில் வந்தது. மற்றவர்களுக்கு 59-ஐ நெருங்கும்போதுதான். இந்த விஷயத்தில் மட்டும் நாம் ரொம்ப ஃபாஸ்ட்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அதை முன்நின்று நடத்தியவர்கள் நம்ம சென்னை டாக்டர் வி.மோகனின் ஆராய்ச்சி நிலையத்தார். அதே ஆய்வில் ரத்தக் கொழுப்புக் கோளாறு இருந்தவர்கள் நூற்றுக்கு 81 பேர். இதோடு ஒப்பிட்டால் சுகர் எல்லாம் சும்மா!

சரி, எழுதிக் கொடுத்ததை ஏன் நிறுத்துகிறார்கள்? மீஞ்சூர் தாண்டியதும் நண்பரே வாயைத் திறந்தார்.

"நிஜத்தைச் சொல்றேன் சார். சீட்டுல 'ராத்திரி ஒண்ணு'ன்னு எழுதியிருந்துச்சு. எனக்கு ஒரு வாரம் ஏ ஷிஃப்ட், ஒரு வாரம் பி, ஒரு வாரம் நைட். நைட் ஷிஃப்ட்டுல எனக்கு ராத்திரிங்கறது எது? பகல் பதினோரு மணிக்குத் தூங்கப் போறேனே, அதுவா? குழப்பத்துல அந்த வாரம் போடறதில்லை. அப்புறம் ஒரேயடியா விட்டுப்போச்சு."

கவனியுங்கள். மனுஷருக்கு அலட்சியம் இல்லை. மூன்று வாரத்தில் ஒரு வாரம் மாத்திரை போகாததற்குக் காரணம், சீட்டில் இருந்த ஒரே ஒரு வார்த்தை! கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூர் காக்களூர் எஸ்டேட்டிலும் ஷிஃப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்கு 'ராத்திரி' என்பது வாரத்துக்கு ஒரு திசையில் இருக்கிறது.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. கல்லீரல் ராத்திரியில்தான் அதிகமாகக் கொழுப்பு தயாரிக்கும். பழைய சிம்வாஸ்டாடின் வகை உடம்பில் கொஞ்ச நேரமே தங்கும். அதனால் வந்தது அந்த 'ராத்திரி' வழக்கம். இப்போது பெரும்பாலும் எழுதப்படும் அடார்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் நீண்ட நேரம் வேலை செய்பவை. காலையோ மாலையோ, தினமும் போட்டால் போதும். "டாக்டர், நான் ஷிஃப்ட்காரன். சுகர் மாத்திரையோடயே இதையும் போடலாமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும் தலையாட்டுவார். இரண்டு மாத்திரைக்கும் ஒரே நேரம் என்றால் மறதிக்குப் பாதி வேலை போய்விடும்.

இரண்டாவது வில்லன், உடம்பு வலி. 'அந்த மாத்திரை போட்டா காலெல்லாம் வலிக்குமாம்' என்று யாராவது ஒருத்தர் கிளப்பிவிட்டால் போதும், மறுநாளே வலிக்க ஆரம்பித்துவிடும். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றால் மாத்திரை போடாதவனுக்கும்தான் கால் வலிக்கும்!

லண்டனில் இதற்கு அழகாக ஒரு பஞ்சாயத்து வைத்தார்கள். வலி தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேர். ஒரு வருடத்தில் நாலு மாதம் நிஜ மாத்திரை, நாலு மாதம் டம்மி, நாலு மாதம் காலி பாட்டில். நிஜமா டம்மியா என்று அவர்களுக்கே தெரியாது. தினமும் எவ்வளவு தொந்தரவு என்று மார்க் போட வேண்டும். 2020-ல் ரிசல்ட் வந்தது. நிஜ மாத்திரையில் வந்த தொந்தரவில் 90 சதவிகிதம் டம்மியிலும் வந்திருந்தது! வலி பொய்யில்லை, வந்தது வலிதான். குற்றவாளிதான் வேறு. அவரவர் மார்க்கை அவரவருக்கே காட்டியதும் பாதிப் பேர் திரும்ப மாத்திரையைத் தொடங்கினார்கள்.

அதற்காக எல்லா வலியையும் மனப்பிராந்தி என்று தள்ளிவிடவும் கூடாது. தசை கடுமையாக வலித்து, பலவீனமாகி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். மிக அபூர்வம், ஆனால் உண்டு. சாதாரண வலி என்றாலும் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டின் மாற்றலாம். நாமே நிறுத்திவிட்டு, அடுத்த விசிட்டில் "ஒழுங்காப் போடறேன் டாக்டர்" என்று புளுகுவதுதான் ஆபத்து.

'இது சுகரை ஏத்துமாமே' என்றும் கேட்கிறார்கள். லேசாக ஏற்றும், உண்மை. ஆனால் மாரடைப்பைத் தடுக்கும் லாபம் அதைவிடப் பல மடங்கு பெரிசு.

காசு? விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைகள் கிடைக்கின்றன. 2023 ஜூனில் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தை ஆரம்பித்தபோது, நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு உடனே கொடுக்க 14 மாத்திரைகளை ஒதுக்கியது. அதில் எட்டு, அடார்வாஸ்டாடின் 10 மில்லிகிராம். அவசரத்தில் எட்டாக விழுங்கும் நிலைமை வராமலிருக்கத்தான் தினம் ஒன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', 2024-ல் தொழிற்சாலைகளுக்கு உள்ளேயும் வந்தது. நாம் போகாவிட்டால் அது வரவேண்டியதாகிறது.

ஒரு மாதம் கழித்து அதே வண்டியில் நண்பரைப் பார்த்தேன். டாக்டரிடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டாராம். திட்டு கம்மிதான். இப்போது எந்த ஷிஃப்ட்டானாலும் எழுந்ததும் சாப்பிடும் முதல் டிபனோடு இரண்டு மாத்திரையும் சேர்த்து. அட்டை காலியாகப் போகிறதா என்று பார்ப்பது வீட்டம்மா பொறுப்பு. மூன்று மாதத்தில் மறுபடி ரத்த டெஸ்ட்.

"நார்மல்னு வந்தா?" என்றேன்.

"பம்ப் ஓடுதுன்னு அர்த்தம் சார்" என்றார். பக்கத்து சீட் இளைஞர் காதைத் தீட்டிக்கொண்டு எங்கள் பக்கம் குனிந்தார்.

"அண்ணே... எங்கப்பாவுக்கும் சீட்டுல ராத்திரின்னுதான் போட்டிருக்கு. அவரு செக்யூரிட்டி வேலை..."

வண்டி கவரைப்பேட்டையில் நின்றது. நண்பர் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.