மஞ்சளும் மருந்தும்

அடுக்களையில் மஞ்சளை நீரில் இட்டால் அடியில் தங்கிவிடுகிறது. தேங்காய்ப்பாலிலோ நிறமெல்லாம் விரைந்து கலக்கிறது. கொழுப்பை நாடும் பொருளை நீர் சுமப்பதில்லை. மருந்துகள் சிலவற்றுக்கும் இவ்வியல்பு உண்டு.

தொழுநோய்க்குரிய குளோபசிமின் அத்தகையது. டப்ளினில் 1954இல் வின்சென்ட் பாரி குழுவினர் ஆக்கிய இம்மருந்து நீரில் கரைவது மிக அரிது. கரையாத மருந்து குடலிலிருந்து குருதியிற் சேர்வதும் அரிதே. ஆகவே அதனை நுண்துகளாக்கி, எண்ணெயும் மெழுகும் கலந்த கலவையில் இட்டு, மென்கூட்டில் அடைத்தனர். பித்தநீர் கொழுப்பை நுண்துளிகளாக்குகையில் மருந்தும் உடன் செல்கிறது. உணவோடு உட்கொள்ளச் சொல்வதும் இதனாலேயே. மருந்தையே கொழுப்பமிலத்தோடு பிணைத்து அனுப்பும் முறையும் இன்று உண்டு.

முன்னர் இந்நோயாளரை மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் ஒதுக்கி வைத்தோம். கல்முனைப் பகுதியில் நோய் இன்னும் முற்றாக நீங்கவில்லை. எனினும் இம்மருந்தோடு வேறிரண்டும் சேர, 6 அல்லது 12 மாதங்களில் வீட்டிலிருந்தே குணமடையலாம்.

குளோபசிமின் உடலின் கொழுப்பிலும் தோலிலும் தங்குவதால் மேனி கருஞ்சிவப்பாகும். அயலார் கண்களுக்கு அஞ்சிப் பாதியில் மருந்தை நிறுத்துவோரும் உளர். அது தகாது. கையிற் பற்றிய மஞ்சள் போல அந்நிறம் பின்னர் மெல்ல மறையும். விட்டுவைத்த நோய் தரும் ஊனமோ மறையாது.