அயனியும் எலெக்ட்ரானும்

நியான் விளக்கு இடைவிடாது ஒளிர்வது எதனால்? குழாயிலுள்ள நியான் அயனிகள் எதிர்மின்வாயைத் தாக்கி எலெக்ட்ரான்களை வெளியேற்றுவதால்தான். தாக்கும் வேகமே இதற்குக் காரணம் என நாம் எண்ணலாம். ஆனால் மெல்ல வரும் அயனியும் இதைச் செய்கிறது!

அயனி நெருங்கியதும் உலோக எலெக்ட்ரான் ஒன்று அதனுள் விழுந்து அதை நடுநிலையாக்குகிறது. அப்போது மிஞ்சும் ஆற்றலைப் பெற்று மற்றோர் எலெக்ட்ரான் வெளியேறுகிறது. இரண்டு எலெக்ட்ரான்கள் ஈடுபடுவதால், அயனியாக்க ஆற்றல் உலோகத்தின் வெளியேற்று ஆற்றலைப்போல் இரு மடங்குக்கு மேல் இருத்தல் வேண்டும். டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் சுமார் 4.5 எலெக்ட்ரான் வோல்ட். நியானின் அயனியாக்க ஆற்றலோ 21.6, எளிதில் இயலும். சீசியத்துக்கு 3.9 மட்டுமே, மெல்ல வரும் சீசியம் அயனியால் இயலாது.

1954-இல் ஹாக்ஸ்ட்ரம் வெளியிட்ட அளவீடுகளின்படி, தூய டங்ஸ்டனில் நான்கைந்து நியான் அயனிகளுக்கு ஓர் எலெக்ட்ரானே வெளிவரும். அது போதும், வாயு அணுக்களில் மோதிப் பெருகி, விளக்கை அணையாமல் காக்கும்.