கூழ்ப்பானையின் ஜீவராசிகள்

கிம்ச்சி என்ற கொரிய நாட்டு முட்டைக்கோஸ் பதார்த்தமும், காகசஸ் மலைப்பிரதேசத்தின் கெஃபீர் என்ற புளித்த பாலும், கொம்புச்சா என்ற புளித்த தேநீரும் பெருநகரக் கடைகளின் குளிர்பெட்டிகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிற இந்நாளில், புளித்த உணவை அன்றாட ஆகாரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற உபதேசம் நாலா திசைகளிலிருந்தும் நம் காதில் விழுகிறது. உபதேசம் நல்லதுதான். ஆனால், கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் இருக்கும் மங்கலம்பேட்டையைப் போன்ற ஓர் ஊரில் வாழ்கிறவருக்கு அதைச் சொல்லும்போது, அவருடைய பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் எதைக் குடித்துவிட்டு மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக் கொல்லைக்குப் போனார்கள் என்பதிலிருந்து தொடங்குவதே முறை. அவர்கள் குடித்தது கூழும், பழைய சோற்றின் நீரான நீச்சத்தண்ணியும். அந்த இரண்டையும் கைவிட்டுவிட்டு, இட்லியையும் தோசையையும் மட்டும் வைத்துக்கொண்ட நாம், எதை வைத்துக்கொண்டோம், எதை இழந்தோம் என்பதை விஞ்ஞானத்தின் துணைகொண்டு பார்ப்பது பிரயோஜனமுள்ள காரியம் என்பது என் அபிப்பிராயம்.

பாலும் மாவும் சோறும் தாமாகவே புளித்துவிடுவதில்லை. பால் புளிப்பதற்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய ஜீவராசிகளே என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் என்று வழங்கப்படும் இவை, பதார்த்தத்தில் உள்ள சர்க்கரையை உண்டு, அதற்கு ஈடாக லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. அந்த அமிலம் பெருகப் பெருக, நோயை உண்டாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கே வாழ முடியாமல் ஒடுங்கிப்போகின்றன. குளிர்பெட்டி என்ற சாதனத்தை மனிதன் கனவிலும் காணாத காலத்தில், வெப்பம் மிகுந்த இத்தேசத்தில், சமைத்த உணவை மறுநாள் வரை காப்பாற்றிக் கொடுத்தவை இவையே.

இட்லி மாவில் நடப்பது வெகு நுட்பமான காரியம். அதற்கு ஈஸ்ட் முதலியவற்றைத் தனியே சேர்க்க வேண்டியதில்லை. மாவைப் பொங்கச் செய்யும் கிருமிகள் உளுந்தின் மேலும் அரிசியின் மேலும் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்து சேர்கின்றன. அவற்றில் முதன்மையானது லியூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாவே என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் ஸ்டெயின்க்ராஸும் அவருடைய சகாக்களும் 1965-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் தெரிவித்தார்கள். அது வெளிவிடும் கரியமில வாயுவை உளுந்தின் வழவழப்பு பிடித்து நிறுத்துவதனால்தான் மாவு உப்புகிறது. தானியத்தில் இருக்கும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு சரீரத்துக்குக் கொடுக்க மறுக்கும் ஃபைட்டிக் அமிலமும் இந்தப் புளிப்பினால் ஓரளவு சிதைந்துபோகிறது. புரதமும் மாவுச்சத்தும் ஜீரணத்துக்கு எளியவையாகின்றன. இவையெல்லாம் இட்லிக்குப் பெருமை தருபவை என்பதில் சந்தேகமில்லை. எனினும், கொப்பரையில் ஏற்றி ஆவியில் வேகவைத்த கணத்தில், அந்த வேலையை எல்லாம் செய்துமுடித்த ஜீவராசிகள் மடிந்துவிடுகின்றன. புளித்த உணவு என்பது வேறு, உயிருள்ள கிருமிகளைச் சுமந்துவரும் உணவு என்பது வேறு என்று, இத்துறையில் ஈடுபட்ட சர்வதேச விஞ்ஞான சங்கம் ஒன்று 2021-இல் வகுத்துச் சொன்னது. அந்த வகுப்பின்படி இட்லியும் தோசையும் பணியாரமும் முதலாவதில் அடங்கும், இரண்டாவதில் அடங்கா.

கூழின் கதை வேறு. அது ஒரு முறைக்கு இரண்டு முறை புளிக்கிறது. கேழ்வரகு மாவையோ கம்பு மாவையோ முதல் நாள் நீரில் கரைத்து இரவு முழுவதும் வைத்துவிடுகிறார்கள். அது முதல் புளிப்பு. மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து, புளித்த மாவை அதில் கொட்டிக் கிளறிக் களிபோல் இறக்கி, அதை ஆறவைத்து மீண்டும் ஓர் இரவு மூடிவைக்கிறார்கள். அது இரண்டாம் புளிப்பு. மூன்றாம் நாள் காலையில் அந்தக் களியை உடைத்து, நீரும் மோரும் உப்பும் சேர்த்துக் கையால் கரைத்தால் கூழ். முதல் புளிப்பு தானியத்தைப் பக்குவப்படுத்துகிறது. அடுப்பில் அந்தக் கிருமிகள் மடிந்தபோதிலும், பானையிலிருந்தும் கையிலிருந்தும் நீரிலிருந்தும் வந்து சேரும் புதிய கிருமிகள் இரண்டாம் இரவில் பெருகுகின்றன. அதன்பின் கூழ் அடுப்பைக் காண்பதேயில்லை. ஆகையால் சொம்பில் ஊற்றிக் குடிப்பவர் அவற்றை உயிரோடேயே குடிக்கிறார். மோரைச் சேர்ப்பதனால் இன்னொரு கூட்டமும் உடன் சேர்ந்துகொள்கிறது. ஆய்வுக்கூடம் எதையும் அறியாத பெண்கள், முதலில் தானியத்துக்காக ஒரு புளிப்பும், பிறகு உண்பவருக்காக ஒரு புளிப்புமாக அமைத்துவைத்த இந்த முறையை எண்ணும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் வியப்பு சிறிதன்று. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் ஊரே கூடிக் கூழ் வார்ப்பது இன்றும் நடக்கிறது. மற்றப் பதினோரு மாதங்களில் பல வீடுகளில் அந்தப் பானை கவிழ்ந்தே கிடக்கிறது என்பதுதான் வருத்தம் தருவது.

பழைய சோற்றைப் பற்றி இக்காலத்தில் புகழ்ச்சி மிகுதியாயிருக்கிறது; அதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்வது நல்லது. இரவில் நீரூற்றி வைத்த சோற்றில் இரும்புச்சத்து 3.4 மில்லிகிராமிலிருந்து 73.91 மில்லிகிராமாக உயர்ந்துவிடுகிறது என்ற கணக்கு பத்திரிகைகளிலும் பேச்சிலும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இரும்பு ஒரு தனிமம். எந்தக் கிருமியும் அதைச் சிருஷ்டிக்க இயலாது; பானையிலிருந்தோ நீரிலிருந்தோ வந்தாலொழிய, நேற்று இல்லாத இரும்பு இன்று சோற்றில் இருக்க வழியில்லை. கிருமிகள் செய்யக்கூடியது, உள்ள இரும்பைக் கட்டவிழ்த்துச் சரீரம் ஏற்கும்படி செய்வது ஒன்றே. இப்படிப்பட்ட கணக்குகளின் துணையில்லாமலே பழைய சோற்றுக்குச் சொல்லத்தக்க சிறப்புகள் உண்டு: அதன் நீரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கின்றன, சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்தை அடைந்து, பெருங்குடலில் வாழும் கிருமிகளுக்கு இரையாகிறது.

குடலில் கிருமிகள் வாழ்வதும் அவற்றால் நமக்கு நன்மை விளைவதும் புதிய செய்திகள் அல்ல. அன்றைய ருஷ்யப் பேரரசில் பிறந்து பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் உழைத்த மெச்னிக்காஃப் என்ற பேரறிஞர், நோயெதிர்ப்புச் சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், புளித்த பால் முதுமையைத் தள்ளிப்போடும் என்று நம்பி, அதை அன்றாடம் தாமே உட்கொண்டு வந்தார். அவருடைய நம்பிக்கை பரிசோதனையைக் காட்டிலும் வெகுதூரம் முந்திச் சென்றுவிட்டது. நூறாண்டுகளுக்குப் பிறகு, 2021-இல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஆரோக்கியமுள்ள 36 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நார்ச்சத்து மிகுந்த உணவையும், மற்றொரு பிரிவினருக்குத் தயிர், கெஃபீர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளையும் 10 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். புளித்த உணவை உண்டவர்களின் குடலில் கிருமிகளின் வகைகள் பெருகின. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்களின் அளவு தாழ்ந்தது. முப்பத்தாறு பேர் என்பது சிறிய தொகை. ஆயினும் திசையைக் காட்டுகிற முடிவு அது. நம் நாட்டிலேயே, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியின் இரைப்பை-குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர், குடல் அழற்சி நோய்களில் பழைய சோற்றின் பயனை ஆராயும் பணியைத் தமிழக அரசின் நிதியுதவியோடு மேற்கொண்டார்கள். நம் பானையை நம் மருத்துவர்களே பரிசோதிக்க முன்வந்தது மகிழ்ச்சிக்குரியது.

இனி, புளித்த உணவைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறவர் செய்ய வேண்டியது எது? நண்பகலில் ஒரு தம்ளர் மோர், உயிருள்ள புளிப்புக்கு எல்லோராலும் இயன்ற வழி. ஆனால் அதைக் கொதிக்க வைத்து மோர்க்குழம்பாக்கினால் அது வேறு பண்டம். தாளிப்பதானாலும் கடுகும் கறிவேப்பிலையும் சற்று ஆறியபின் கொட்டுவது உத்தமம். நெடுநாள் கெடாதபடி சூடேற்றி அடைத்த மோர்ப் பொட்டலங்களிலும் இந்த ஜீவராசிகளை எதிர்பார்க்க முடியாது. எண்ணெயில் மிதக்கும் ஊறுகாயை இந்தக் கணக்கில் சேர்ப்பதற்கில்லை. அதைக் காப்பது எண்ணெயும் உப்பும், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த உப்பே பகை. கூழை வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலை ஆகாரமாக வைத்துக்கொண்டு, சின்ன வெங்காயத்தையோ மல்லாட்டைத் துவையலையோ கடித்துக்கொண்டால் போதுமானது. நீரிழிவு நோயாளர்கள், பழையதும் சோறே என்பதை மறவாமல் அளவோடு உண்ண வேண்டும். வெகுநாள் பழக்கம் விட்டுப்போனவர்கள் சிறிய அளவில் தொடங்குவது நல்லது. முதல் சில நாட்களில் வயிறு உப்புவது உண்டு. நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்கிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

பழைய சோறு அபாயம் இல்லாத உணவு என்று சொல்லவும் மாட்டேன். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள் சோறு வேகும் வெப்பத்திலும் மடிவதில்லை. வெந்த சோற்றை வெதுவெதுப்போடு நெடுநேரம் வைத்திருந்தால், அவை முளைத்துப் பெருகி ஒருவகை நஞ்சைக் கக்கும்; அந்த நஞ்சு மீண்டும் சூடாக்குவதனால் அழியாது. புளிப்பு விரைந்து ஏறுவதே அவற்றுக்கு எதிரான காவல். ஆகவே சோற்றைச் சீக்கிரமாக ஆறவைத்து, சுத்தமான நீரில் முழுகும்படி செய்து, நேற்றைய நல்ல நீச்சத்தண்ணியில் ஒரு கரண்டி கலந்து மூடிவைத்தால், புளிப்புக்குரிய கிருமிகள் முதலிலேயே இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நூல்விட்டுப் பிசுபிசுத்த சோற்றையும், நிறம் மாறியதையும், பூசணம் பூத்ததையும் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

கடைசியாகப் பாத்திரம். மண்பானையின் நுண்துளைகளில் நேற்றைய கிருமிகள் தங்கியிருந்து இன்றைய சோற்றைப் புளிக்க வைக்கின்றன. அதே துளைகளில் அழுக்கும் தங்கும் என்பதால் அதை அடிக்கடி வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டியிருக்கிறது. மெருகிட்ட பீங்கானில் துளையில்லை, அமிலமும் உப்பும் அதை அரிப்பதில்லை, கழுவுவதும் எளிது. ஆனால் மெருகில் காரீயம் கலந்திருந்தால், புளித்த பதார்த்தம் அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். மங்கலம்பேட்டைக்கு அண்டையிலேயே, பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன விருத்தாசலத்தில், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிலையமும் சூளைகளும் இருக்கின்றன. அகல்விளக்கையும் பொம்மையையும் செய்து தேசமெங்கும் அனுப்புகிற அந்தக் கைகள், காரீயம் கலவாத மெருகிட்ட, ஒரு குடும்பத்துக்கு இரண்டு வேளைக்குப் போதுமான கூழ் ஜாடியை, உணவுக்கு உகந்தது என்ற பரிசோதனை முத்திரையோடு, ஏழைக்கும் எட்டும் விலையில் செய்து கொடுக்க வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.