பொம்மைக்கு மார்க் போடும் அடுக்களை

வெண்டைக்காய் வாங்கப் போனால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். முட்டையில் சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறோம். ஆனால் சில பொருள்களை இப்படிச் சோதிக்க முடியாது. சோதித்த மாத்திரத்தில் அவற்றின் விலை போய்விடும். ஐம்பது வருடமாகப் பிரிக்கப்படாமல் அட்டையோடு இருக்கிற பொம்மை அந்த வகை. பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது முழுசாகத் தெரியும்; பிரித்தால் அது பிரிக்காத பொம்மை இல்லை.

வாங்குகிறவர் நுனியை ஒடிக்க முடியாது, விற்கிறவர் ஒடிக்க விடமாட்டார். இந்த இருவருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்ததுதான் பொம்மைக்குத் தரச்சான்று கொடுக்கும் தொழில். பொம்மையை அனுப்பினால் அசல்தானா என்று பார்ப்பார்கள், நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள், கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியில் வைத்து மூடித் திருப்பி அனுப்புவார்கள். இதற்குக் கட்டணம் உண்டு. கொடுக்கலாமா, வேண்டாமா? உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

உதாரணத்துக்கு ஒரு பொம்மை வேண்டும். பொம்மைச் சேகரிப்பு உலகத்தில் நிறையப் புழங்குபவை அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் செய்த 'ஸ்டார் வார்ஸ்' பொம்மைகள். 1977 மே மாதம் படம் வந்து சக்கைப்போடு போட்டது. சின்சினாட்டி நகரத்துக் கென்னரால் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. என்ன செய்தார்கள்? பொம்மை இல்லாமல் ஓர் அட்டையையும் ஒரு சீட்டையும் விற்றார்கள். சீட்டை அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் தபாலில் வரும். பந்தியில் இலையை மட்டும் போட்டுவிட்டு, சாப்பாட்டைப் பிறகு வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று சொன்னது மாதிரி. ஜனங்கள் அதையும் வாங்கினார்கள்! பிறகு 1978-இல் பொம்மைகள் கடைக்கு வந்தன. முதலில் 12 பாத்திரங்கள், ஒவ்வொன்றும் மூன்றே முக்கால் அங்குல அளவுத் திட்டத்தில், விலை ஏறக்குறைய 2 டாலர். அட்டையின் பின்புறம் அந்த 12 பேரின் படமும் இருக்கும். அதனால் சேகரிப்பாளர்கள் அந்த அட்டையை 'டுவெல்வ் பேக்' என்கிறார்கள்.

இந்தப் பொம்மையின் காலைத் திருப்பிப் பார்த்தால் 'ஜி.எம்.எஃப்.ஜி.ஐ.' என்று பொடி எழுத்துகள் தெரியும். முதல் இரண்டு எழுத்து ஜெனரல் மில்ஸ். ஆம், மாவு மில் கம்பெனிதான். கென்னர் அப்போது அவர்கள் கையில் இருந்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் பில்ஸ்பரி கோதுமை மாவு விற்பதும் இதே ஜெனரல் மில்ஸ்தான். ஆகவே அடுக்களையை வைத்து இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

சரி, பொம்மை தரச்சான்று அலுவலகத்துக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 'ஆக்‌ஷன் ஃபிகர் அத்தாரிட்டி', சுருக்கமாக ஏ.எஃப்.ஏ., நெடுங்காலமாக இதைச் செய்கிறது. 'சி.ஏ.எஸ்.' என்று இன்னொன்றும் உண்டு, பிரிட்டனில் 'யு.கே. கிரேடர்ஸ்' இருக்கிறார்கள். எங்கே போனாலும் முதல் வேலை ஒன்றுதான்: இது மிளகா, பப்பாளி விதையா?

மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய தில்லுமுல்லு. பொம்மையிலும் அப்படி உண்டு. 'ஜாவா' என்று முக்காடு போட்ட குட்டிப் பாத்திரம் ஒன்று. முதலில் வந்த ஜாவாவுக்குப் பிளாஸ்டிக் அங்கி. சீக்கிரமே அதைத் துணி அங்கியாக மாற்றிவிட்டார்கள். அதனால் பிளாஸ்டிக் அங்கி போட்ட ஜாவா அரிது, விலையும் அதிகம். உடனே ஒரு கூட்டம் கத்தரிக்கோலை எடுத்தது. 'ஓபி-வான் கெனோபி' என்ற பெரிய பொம்மையின் பிளாஸ்டிக் அங்கியைக் குட்டையாக வெட்டி, மலிவான ஜாவாவுக்கு மாட்டிவிட்டார்கள். ஆகவே நிபுணர் அங்கியின் ஓரம் வெட்டுப்பட்டதா, அச்சிலிருந்து வந்ததா, கைத்துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்.

கையில் பிடிக்கிற துப்பாக்கி இன்னும் வம்பு. குழந்தைகள் முதலில் தொலைப்பது அதைத்தான். எனவே போலித் துப்பாக்கிகள் ஏராளம். இதற்குச் சேகரிப்பாளர்கள் ஒரு வீட்டுச் சோதனை வைத்திருக்கிறார்கள்: தண்ணீரில் போடுவது! மிளகைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும். இங்கே தலைகீழ். அசல் பெரும்பாலும் மிதக்கும், போலி பலவும் முழுகும். 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மிதக்கிற போலியும் உண்டு, ஆகையால் நிபுணர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். பிளாஸ்டிக்கின் பளபளப்பு, அச்சுக் கோடு, நிறம் எல்லாவற்றையும் அசலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். என்னைக் கேட்டால், கொடுக்கிற காசுக்கு உண்மையாக வேலை நடப்பது இந்தப் படியில்தான். மார்க் அப்புறம்.

அசல் என்று தெரிந்தபின் மார்க் போடத் தொடங்குகிறார்கள். பொம்மையை மூன்று பகுதியாகப் பார்க்கிறார்கள்: பின்னால் இருக்கிற அட்டை, பொம்மையை மூடியிருக்கிற பிளாஸ்டிக் குமிழ், உள்ளே நிற்கிற பொம்மை. ஒவ்வொன்றுக்கும் தனி மார்க்.

முதலில் அட்டை. மூலை மழுங்கியிருக்கிறதா, மடிப்பு விழுந்திருக்கிறதா, விலைச்சீட்டைக் கிழித்த வடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடையில் தொங்கவிட மேலே ஓர் ஓட்டை குத்தியிருக்கும். அந்த ஓட்டையின் அட்டைத் துண்டு விழாமல் அப்படியே இருந்தால் அந்தப் பொம்மை கொக்கியில் தொங்கவே இல்லை என்று அர்த்தம். சேகரிப்பாளர்களுக்கு அதில் தனிச் சந்தோஷம்.

பிறகு குமிழ். உங்கள் வீட்டு மிக்ஸி ஜாரின் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்கியபோது தண்ணீர் மாதிரி தெளிவு. சில வருடத்தில் பழுப்பேறி, லேசாக விரிசல். வெயிலின் புற ஊதாக் கதிரும் சூடும் காற்றும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் உள்கட்டை மெல்ல மெல்ல அரிக்கின்றன. 1978-இன் குமிழுக்கும் அதே கதிதான். மஞ்சள், நசுங்கல், விரிசல், அட்டையிலிருந்து ஓரம் பிரிதல் எல்லாம் மார்க்கைக் குறைக்கும்.

கடைசியாகப் பொம்மை. வண்ணம் உரிந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று குமிழ் வழியாகவே பார்க்க வேண்டும்.

இப்போது மூன்று மார்க்குகள் வந்துவிட்டன. அட்டை 85, குமிழ் 75, பொம்மை 90 என்று வைத்துக்கொள்வோம். கூட்டி மூன்றால் வகுத்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்வதில்லை. பருப்புக்கு 90, காய்க்கு 90, உப்புக் கரித்ததால் அதற்கு 30 என்றால், சாம்பாருக்கு 70 போட்டுச் சாப்பிடுவீர்களா? தட்டைத் தள்ளிவிடுவீர்கள். அதுபோலப் பெரிய குறை மொத்த மார்க்கையும் தன் பக்கம் இழுக்கும். ஏ.எஃப்.ஏ. கணக்கில் 90-ம் அதற்கு மேலும் தங்க நிறச் சீட்டு, 75 முதல் 85 வரை வெள்ளி, 70-ம் அதற்குக் கீழும் வெண்கலம். பழைய பொம்மைக்கு 85 என்பதே கொண்டாட வேண்டிய மார்க்.

இந்த மார்க் பழக்கம் நாணயக்காரர்களிடமிருந்து வந்தது. 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்பு நாணயங்களுக்கு 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். 1986-இல் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் நாணயத்தைப் பெட்டியில் மூடித் தரத் தொடங்கியது. பின்னாலேயே பேஸ்பால் அட்டை, காமிக்ஸ், பொம்மை எல்லாம் அதே வழியில் வந்தன.

80-க்கும் 85-க்கும் நடுவில் என்ன இருக்கிறது? நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதம் என்றால் மூட்டை உள்ளே போகும், கொஞ்சம் கூடினால் களத்தில் திரும்பக் காயப்போட வேண்டும். நெல்லில் பெரிய வித்தியாசம் இல்லை, கோடு அங்கே கிழித்திருக்கிறது. பொம்மையில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் இங்கே ஈரமானி கிடையாது. மனிதக் கண்தான். அதனால் சிலர் பெட்டியை உடைத்து, அதே பொம்மையை மறுபடி அனுப்பி, கூடுதல் மார்க் வருமா என்று பார்க்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாளுக்கு மறுமதிப்பீடு கேட்பது மாதிரி. சில சமயம் கூடுகிறது, சில சமயம் குறைகிறது.

மார்க் போட்டதும் பெட்டியில் வைத்து, உடைக்காமல் திறக்க முடியாதபடி மூடுகிறார்கள். சீட்டில் மார்க்கும் வரிசை எண்ணும் இருக்கும். நகையில் ஹால்மார்க் முத்திரையோடு எச்.யு.ஐ.டி. என்ற 6 இலக்க அடையாளக் குறி பொறிக்கிறார்களே, அதன் உறவுக்காரர்தான் இந்த எண்.

பெட்டிக்குள் போய்விட்டால் பொம்மைக்கு வயதாகாது என்று பலர் நம்புகிறார்கள். அது தப்பு. சப்பாத்தி மாவை நினையுங்கள். எண்ணெய் விட்டுப் பிசைந்தால் மிருதுவாக இருக்கும். பி.வி.சி. பிளாஸ்டிக்கையும் அப்படித்தான் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்து மிருதுவாக்குகிறார்கள். வருடங்கள் போகப் போக அந்த எண்ணெய் மேலே கசிந்து வருகிறது. காகிதத்தில் வைத்த அதிரசம் போல பொம்மையின் கை கால் பிசுபிசுக்கும். பிறகு பிளாஸ்டிக் விறைத்துப்போகும். ஊறுகாய் ஜாடியை எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளே இருப்பது ஊறிக்கொண்டுதானே இருக்கிறது? பெட்டி தூசியையும் விரல் ரேகையையும் தடுக்கும். ஜன்னலோரம் வைத்தால் வெயிலிடமிருந்து முழுக்கக் காப்பாற்றாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. மார்க் வந்தால் விலை வந்துவிடும் என்பது. லாரியை எடைமேடையில் ஏற்றினால் எடை தெரியும்; ஏற்றியிருப்பது மணலா, மஞ்சளா என்பதுதான் விலையைச் சொல்லும். 'போபா ஃபெட்' என்ற பாத்திரத்தின் முதுகிலிருந்து ராக்கெட் பாய்வது போல ஒரு பொம்மையைக் கென்னர் சோதனைக்குச் செய்து பார்த்தது. குழந்தை தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று பயந்து விற்பனைக்கு விடவில்லை. அந்த மாதிரிப் பொம்மைகளில் ஒன்று 2019-இல் 1,85,850 டாலருக்கும், இன்னொன்று 2024-இல் 5,25,000 டாலருக்கும் ஏலம் போயின. அந்தப் பணம் முக்கியமாக அபூர்வத்துக்கு. லட்சக்கணக்கில் அச்சடித்து விற்ற பொம்மைக்கு 90 மார்க் வாங்கினாலும் அது மணல் லாரிதான்.

இனி உங்கள் கணக்கு. கட்டணம், போக வர அனுப்பும் செலவு, காப்பீடு, இங்கிருந்து அனுப்புவதானால் சுங்கத்தில் விளக்கம் சொல்லும் தலைவலி, மாதக்கணக்கில் காத்திருப்பு. எல்லாவற்றையும் கூட்டிப் பொம்மையின் இன்றைய விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். செலவு பாதியைத் தொட்டால் விட்டுவிடுங்கள். கால் கிலோ கத்தரிக்காய்க்கு யாரும் எடைமேடை தேடிப் போவதில்லை.

விலை உயர்ந்தது, பிரிக்காதது, போலிகள் அதிகம் உலவும் வகை, முகம் தெரியாதவருக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் அனுப்புங்கள். அந்தச் சீட்டு உங்களுக்காகப் பேசும். வாங்குகிற இடத்தில் இருந்தால் இன்னும் நல்லது. விற்பவரின் செலவில் உங்களுக்குச் சாட்சி கிடைக்கிறது. ஆனாலும் சீட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வரிசை எண்ணைச் சரிபாருங்கள், பொம்மையையும் பாருங்கள்.

விற்கிற எண்ணமே இல்லை, எடுத்து எடுத்துப் பார்ப்பேன் என்பவருக்கு அது வீண் செலவு. கையால் தொட முடியாத பெட்டிக்குள் பொம்மையைப் பூட்டிவைக்க நான் காசு கொடுக்க மாட்டேன். அதிலும் என் அண்ணன் பல் பதிந்த டார்த் வேடர் பொம்மைக்கு எந்த அலுவலகம் மார்க் போடும்?

அனுப்பாதவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெயில் படாத, சூடு ஏறாத அலமாரியில் வையுங்கள். நாலு பக்கமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பட்டுப்புடவை பீரோவில் வைத்தால் அந்துருண்டையை எடுத்துவிடுங்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். அந்தக் குட்டித் துப்பாக்கியை மட்டும் இன்றைக்கே தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். தொலைந்தால் அசல் கிடைப்பது கஷ்டம்.